சூடானால் கிளம்பாத வண்டி

"சூடாகி நின்றால் அரை மணி நேரம் கிளம்பாது" என்று சொல்லி, ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை கிள்ளான் நகரப் பட்டறையில் மோட்டார் சைக்கிளை விட்டுப்போனார். மெக்கானிக் இருதயம் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். மேக்னெட்டோ காயில்தான் குற்றவாளி. சூடேறினால் எஞ்சினுக்குத் தீப்பொறி வராது. புதுக் காயில் போட்டான். கொதிக்கக் கொதிக்க ஒரே உதையில் கிளம்பியது.

எண்ணெய்ப் பிசுக்கையும் பாராமல் துரை அவன் கையைக் குலுக்கினார்.

அடுத்த ஞாயிறு டெங்கில் தோட்டத்துக்கு அக்காவைப் பார்க்கப் போனான். அக்கா உர்சுலா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் மச்சானுக்குச் சீட்டைக் கிழிச்சுட்டாங்கடா. காய்ச்சல்ல மரத்தடியில உட்கார்ந்தவரைத் துரை பாத்துட்டாரு."

இருதயம் மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தான்.

"முந்தியெல்லாம் தோட்டத்தை ஒரு சுத்து வந்ததும் துரை வண்டி படுத்துக்கும். அது ஆறுற வரைக்கும் நாங்களும் மூச்சு விடுவோம். எவனோ ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டான். இப்ப நாலு சுத்து வர்றாரு. அவன் கை வெளங்காமப் போவ!"

சொல்லிக்கொண்டே, கோப்பிக் குவளையைத் தம்பியின் கையில் வைத்தாள்.