ரதி குதித்த தீ

பாலித் தீவு விமான நிலையத்தில் கைரேகை பார்க்கும் கருவி கோமளவல்லியின் விரல்களை ஏற்கவே இல்லை. அதிகாரி ஈரத்தாள் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். துடைத்தும் வழவழப்புதான் மிஞ்சியது. அலுத்துப்போய் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். மறுநாள் கோயிலில், வழிகாட்டி கடெக் ஆங்கிலத்தில் சொன்ன கதையை அவள் கணவர் தணிகாசலம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சிவன் கண்ணைத் திறந்தார், மன்மதன் எரிந்தான். “தெரிஞ்ச கதைதானே” என்றாள். “நம்ம ஊர்க் கதையில ரதி அழுது மன்றாடி அவனைத் திரும்ப வாங்கிடுவா. இங்கே அவளும் தீயில குதிச்சிடறா. ரெண்டு பேர் சாம்பலையும் பூமியெங்கும் தூவிட்டாங்களாம். ஒவ்வொரு புருஷன் பெண்டாட்டிக்குள்ளயும் அதுல ஒரு சிட்டிகை இருக்காம்” என்றார். கோமளவல்லிக்குக் கோபம் வந்துவிட்டது. “எதுக்குக் குதிக்கணும்? ரெண்டு கை இருக்குல்ல, தீயை அடிச்சு அணைக்க வேண்டியதுதானே?” அம்மா என்ன சொல்கிறார் என்று கடெக் கேட்டான். தணிகாசலம் தன் கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டார். அவருடைய பலகாரக் கடையில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்ட அன்று, எரிகிற சட்டையை அவள் வெறுங்கையால் அடித்த சத்தம் அவருக்கு இன்னும் கேட்கிறது. ரதி மன்மதன் சிலைகளின் காலடியில் வைக்கச் சொல்லிக் கடெக் கொடுத்திருந்த பூவை, ரேகையில்லாத அந்த விரல்களில் வைத்தார். “சாமிக்கு வைங்க” என்று அதட்டினாள். “வெச்சாச்சு” என்றார்.