நிலா பார்க்கும் குழாய்

"எதிர்ப்பக்க மாடியில ஒரு பொண்ணு துணி உலர்த்த வந்தா, வச்ச கண் வாங்காம பாக்கறீங்களாமே? கீழ்வீட்டம்மா கேக்கறாங்க" என்றபடி மனைவி அறைக்குள் வந்தாள்.

போட்டோ ஸ்டுடியோக்காரர் ஜன்னலை விட்டுத் துள்ளி விலகினார். "சும்மா இரு. இது நிலா பாக்கறதுக்கு."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கா?"

"வரும்ல. முன்னாடியே தயாரா இருக்க வேண்டாமா?"

விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்து ஓய்ந்துபோன பழைய டெலி லென்ஸ் அது. பின்பக்கம் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, உடைந்த பைனாகுலரின் கண்ணாடியை அதில் பொருத்தித் தொலைநோக்கி ஆக்கியிருந்தார்.

தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு மகள் போன பிறகு, அவளுடைய அறைதான் அவருக்கு ஆராய்ச்சிக்கூடம். 'இனி உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்' என்று அவளிடம் கத்திய மனுஷன், வானத்தையாவது பார்க்கட்டும் என்று மனைவியும் விட்டுவிட்டாள்.

"தள்ளுங்க, நானும் பாக்கறேன்."

அவர் குழாயைத் திருப்புவதற்குள் அவள் கண்ணை வைத்துவிட்டாள்.

"என்னங்க இது, கொடியில துணியெல்லாம் மேல பாத்துத் தொங்குது?"

"இப்படிச் செஞ்சா எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். நிலாவுக்கு ஏது மேலயும் கீழயும்?" மாட்டிக்கொள்ளாத நிம்மதியில் விளக்கமாகவே சொன்னார்.

"அப்படியா" என்றவள், மேசையிலிருந்த கைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அவர் மறுபடி கண்ணை வைத்தார். சற்று நேரத்தில் எதிர் மாடிக்கு அந்தப் பெண் வந்தாள். தலைகீழாகத் தெரிந்தால் என்ன, புருஷனோடு அங்கே குடியிருக்கும் தன் மகளை அவருக்கு அடையாளம் தெரியாதா? இளைத்திருக்கிறாளா, சிரித்த முகமாக இருக்கிறாளா என்று தினமும் பார்ப்பதுதான் அவருடைய வான ஆராய்ச்சி.

இன்று அவள் கையில் ஒரு பெரிய அட்டை. மாடி, கொடி, மகள் எல்லாம் தலைகீழாக இருக்க, எழுத்து மட்டும் நேராக இருந்தது.

'அப்பா, வீட்டுக்கு வரட்டுமா?'

அவருக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பாக்கறது இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று முனகினார்.

பின்னால் வந்து நின்ற மனைவி கைபேசியை நீட்டினாள்.

"அட்டையத் தலைகீழாப் பிடிக்கச் சொன்னதே நான்தான். லைன்லதான் இருக்கா, பேசுங்க."