அக்கா படம்

அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தபோது, படத்தில் அக்கா ரயிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை ரயிலில், அக்கா பிளாட்பாரத்தில். தம்பி தங்கைகளை விட்டுப் போக மனசு வராமல் திரும்பிவிடுகிறாள். எங்கள் வீட்டில் இதற்கு 'அக்கா படம்' என்று பெயர். நிஜப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சோபாவில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். என் கணவர், அவருடைய தம்பி, விடுமுறைக்கு வந்திருந்த கடைக்குட்டித் தங்கை. சும்மா கண் கலங்குவதெல்லாம் இல்லை. தேம்பித் தேம்பி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. அதுவும் வரிக்கு வரி மனப்பாடமான படத்துக்கு.

இந்த மூன்று பேரையும் வளர்த்தது அண்ணி, அதாவது என் நாத்தனார், இவர்களுடைய அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு இருபது வயது. இப்போது நாற்பத்தாறு. நடுவில் இருந்த வருடங்கள் இவர்களுடைய ஸ்கூல் ஃபீஸிலும் டிபன் பாக்ஸிலும் போய்விட்டன.

போன மாதம் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். அண்ணி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு அடுத்த கடை அவருடையது. மனைவியை இழந்தவர். சுற்றி வளைக்காமல், அண்ணியைத் தனக்குக் கட்டிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

என் கணவர் அவரை நன்றாக உபசரித்தார். காபி கொடுத்தார். அக்கா இல்லாமல் இந்த வீட்டில் ஒரு நாள்கூட ஓடாது, தப்பாக நினைக்காதீர்கள் என்று வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். தங்கமான மனிதர் என்று சர்டிபிகேட் வேறு கொடுத்தார். அண்ணியை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணி காலி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்தத் தங்கமான மனிதர்தான் இப்போது தெருமுனையில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். நாளைக் காலை பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அண்ணி வீட்டை விட்டு வெளியே போவதுதான் பாக்கி.

எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் நடந்துதான் அதற்குப் போக வேண்டும்.

நான் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் கத்துவார்கள் என்று பயமில்லை. கத்தினால் அண்ணி போய்விடுவார். எங்கே கிளம்பிவிட்டாய் என்று ஒருவர் அன்பாகக் கேட்டுவிட்டால் போச்சு. பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவார்.

டிவிக்கு முன்னால் வந்ததும் அண்ணியின் கால் நின்றுவிட்டது. புதுப் புடவை, கையில் அவ்வளவு பெரிய பை. மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாராவது நிமிர்ந்து பார்க்க மாட்டார்களா என்று காத்திருந்தார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"மறைக்குதுக்கா. கொஞ்சம் தள்ளிக்கோ."

அண்ணி தள்ளிக்கொண்டார்.

தள்ளியவர் அப்படியே வாசல்வரை போனார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை.

கேட் கிறீச்சிட்டது. கடைக்குட்டி லேசாகத் தலையைத் திருப்பினாள். நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். அவள் மறுபடி படத்துக்குள் போய்விட்டாள்.

இன்றைக்கு அக்கா படம் போடலாமே என்று காலையில் பேச்சை எடுத்ததே நான்தான். பையில் துணி அடுக்கிக் கொடுத்ததும் நான்தான். படத்தில் அக்காவைப் படாத பாடு படுத்தும் தம்பி மனைவி வரும்போதெல்லாம் மூன்று பேரும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பார்கள். நாளையிலிருந்து சிரிக்க மாட்டார்கள். பரவாயில்லை.

திரையில் அக்கா வீடு வந்து சேர்ந்துவிட்டாள். தம்பிகள் காலில் விழுந்தார்கள். சோபாவில் இன்னொரு சுற்று அழுகை.

அழுது தொண்டை வறண்டு, அக்கா தண்ணி என்று என் கணவர் கையை நீட்டினார்.

நான் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தம்ளரை என்னிடம் நீட்டினார்.

"போதும்க்கா."