ஓர வரிசைக் காய்

"எங்கே ஓட்டை? ஒண்ணுலகூட ஓட்டையைக் காணோமே!"

அந்த அம்மாள் கத்தரிக்காயை வெயிலுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகைக்கடையில் வளையலைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அழுகிய முட்டையை வைப்பதுபோல் கூடையில் வைத்தாள்.

மொக்லேஸுக்கு இது பழகிவிட்டது. வங்கதேசத்துப் பொக்ராவின் புதன்சந்தையில் மூன்று வாரமாக இதே பேச்சுதான். புழு குடைந்த ஓட்டை இருந்தால் அது மருந்து அடிக்காத காய். பளபளவென்று இருந்தால் விஷத்தில் முக்கி எடுத்தது. வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

"இது புது விதை, சாச்சி. கடிச்ச புழு அப்பவே செத்துடும். அதனால புழுவுக்குன்னு ஒரு சொட்டு மருந்து அடிக்கல."

"புழுவே சாகுதா? அப்ப தின்னுற நான்?"

பக்கத்தில் முள்ளங்கி விற்கும் நொசிம் சிரித்தான். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சாச்சி. புழுவைவிட நீங்க கெட்டி."

மொக்லேஸ் சிரிக்கவில்லை. இதே கேள்வியை வேளாண் அதிகாரியிடம் அவனும் கேட்டிருந்தான். மனித வயிற்றில் அது வேலை செய்யாது என்றார் அவர். உண்மையா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய விதை.

ஒரு பருவத்தில் எண்பது தடவை மருந்து கேட்ட விதை. அடித்த மறுநாளே அந்த வயலில் இறங்கிக் காய் பறித்தாள் அவன் மனைவி ரொஷனாரா. இரண்டு முறை கரு தங்கியது. இரண்டு முறையும் கலைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கத்தரி வயலுக்குப் போவியாம்மா?"

இப்போது ரொஷனாராவுக்கு ஐந்தாம் மாதம்.

மருந்துத் தெளிப்பான் மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் தொங்குகிறது. புதுக் காய் விற்றால் அது அங்கேயே தொங்கும். விற்காவிட்டால் அடுத்த பருவம் பழைய விதைதான். தெளிப்பான் மறுபடி அவன் முதுகில் ஏறும்.

இன்று காலையில்கூட ரொஷனாரா மூக்கில் துணி கட்டாமல், ஏதோ பாட்டை முனகிக்கொண்டே நடுவயலில் காய் பறித்தாள். ஓர வரிசைப் பக்கம் மட்டும் அவளை அவன் விடவில்லை.

ஓர வரிசை பழைய விதை. புது விதையைச் சுற்றி நாலு பக்கமும் அதை நடவேண்டும், நட்டதை மருந்து அடிக்காமல் புழுவுக்கென்று விட்டுவிடவேண்டும் என்பது அதிகாரியின் கண்டிப்பு. இல்லாவிட்டால் புழு எல்லாம் புது விதைக்குப் பழகி, அதையும் தின்னத் தொடங்கிவிடுமாம். "புழுவுக்குத் தனியா விருந்து வைக்கிற ஒரே ஆளு நீதான்டா," என்று நொசிம் வாரம் தவறாமல் கிண்டல் செய்வான்.

ஆனால் யோசனை சொன்னதும் நொசிம்தான். "ஓர வரிசையிலேருந்து ஓட்டைக் காய் நாலு கொண்டாந்து மேல பரப்பு. ஜனங்க நம்பும்."

பரப்பியிருந்தான்.

அந்த அம்மாளின் கண் இப்போதுதான் கூடையின் அந்த ஓரத்துக்குப் போனது.

"அட, இதோ இருக்கே!"

பளபளப்பான காய்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஓட்டை விழுந்ததாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நல்ல காயை மறைக்கிறான் பார் என்பதுபோல் அவனை ஒரு முறை முறைத்தாள்.

"மகளுக்கு ஏழு மாசம் தம்பி. கத்தரிக்காயைச் சுட்டு, கடுகெண்ணெய் விட்டுப் பிசைஞ்சாத்தான் சோறே இறங்குது. கண்ட விஷத்தை அவளுக்குக் குடுக்க முடியுமா?"

மொக்லேஸின் கை தானாக நீண்டு அவள் பையின் வாயைப் பிடித்தது.

"அது வேணாம் சாச்சி. இதை எடுத்துக்குங்க. காசுகூட வேணாம்."

"ஏன்? அதுல என்ன?"

சுற்றி நின்ற நாலைந்து பேர் திரும்பினார்கள். நொசிமும் முள்ளங்கியை அப்படியே பிடித்தபடி பார்த்தான்.

மொக்லேஸ் வாயைத் திறந்தான். அத்தனை முகங்களையும் பார்த்தான். பின்னால் மலைபோல் கிடந்த பளபளப்பான காய்களைப் பார்த்தான்.

"புழு இருக்கும்," என்றான்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாள்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தாள். "புழு உசிரோட இருக்குன்னா காய் சுத்தம்னு அர்த்தம்டா, பைத்தியம்!"

அவன் கையைத் தட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். சிரித்தவர்களில் இரண்டு பேர் கூடையருகே குனிந்தார்கள். ஓட்டைக் காய் விளைந்த வயல்தானே என்று, இந்த முறை பளபளப்பானதையும் சேர்த்து எடுத்தார்கள்.

"பாத்தியா, நான் சொல்லல?" என்றான் நொசிம்.

மகளுக்குக் காய் கொண்டுபோகும் அந்த அம்மாளின் பச்சைச் சேலை கூட்டத்தில் மறையும்வரை மொக்லேஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

தன் கையால் நட்ட செடியைப் புழு தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. அப்பன் காலத்திலிருந்து அந்த வயலில் யாரும் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. உள்ளே புகுந்துவிட்ட புழுவை எந்த மருந்தும் தொடாது என்று தெரிந்தும், ஒரே ஒரு தடவை என்று நேற்று ஓர வரிசைக்கு மருந்து அடித்துவிட்டான்.

உத்தரத்தில் தொங்கும் தெளிப்பான் இன்னும் முழுதாகக் காயவில்லை.