மலையூரில் இரண்டு பேருக்கு இடம்

பள்ளியில் மகளை ‘சைனா’ என்று கூப்பிட்டதால், பொன்வேலனும் அவன் மணிப்பூர் மனைவி லிந்தோயும் சென்னையைக் காலி செய்துவிட்டு, பல இனத்தார் கலந்து வாழ்வதில் முதல் மதிப்பெண் வாங்கிய மலையூருக்கு வந்தார்கள்.

குடியேற்ற அலுவலர் திரையைப் பார்த்தார். “மேடத்துக்கும் பாப்பாவுக்கும் இன்னைக்கே வீடு. சார் மட்டும் வேணாம். தமிழாளுங்க ஏற்கெனவே நெறைய. நீங்க வந்தா ஊர் மார்க்கு கொறஞ்சிடும்.”

“நான் இவ புருஷன்யா!”

“அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லையே சார்.”

வெளியே மைதானத்தில் மகள் பத்து விதமான முகச்சாயல் கொண்ட குழந்தைகளோடு ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தைகூட அவளை முறைத்துப் பார்க்கவில்லை. லிந்தோய் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கான வீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

“சனி, ஞாயிறு வந்துடுங்க,” என்றாள், கண்ணைத் துடைத்தபடி.

பொன்வேலன் வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு தலையாட்டினான்.

“தாராளமா வாங்க சார்,” என்றார் அலுவலர். “திங்கக்கெழம தலை எண்ணுறதுக்குள்ள கெளம்பிடுங்க.”