நாக்குக்குக் காவல்

"மருந்தை மோந்துக்கோய்யா. நோவே தெரியாதாம்" என்று கெஞ்சினாள் பிலோமி. துறைமுகத்தில் மரக்கட்டை உருண்டு நசுக்கிய புருஷனின் காலை அன்றைக்கே எடுத்தாக வேண்டும்.

"வேணாம். முழிச்சிகினே கீறேன், அறுக்கட்டும்" என்றான் இக்னேஷியஸ்.

"இன்னா வீம்பு இது! ரங்கூன் போன புள்ள திரும்பி வர்றப்போ நீ உசுரோட இருக்க வேணாமா?" என்று அழுதவள், அப்பனுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து அந்தோணியாருக்கு மெழுகுத்திரி ஏற்ற ஓடினாள்.

டாக்டர் குனிந்தார். "குளோரோபாரம்னா அவ்வளவு பயமாப்பா?"

"மயக்கத்துல வாய் ஒளறுமாமே, ஐயா?"

"மூளை அசந்துட்டா நாக்குக்குக் காவல் ஏது? தெளியறப்போ சில பேர் மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிடுவாங்க."

"அப்போ எம் பொஞ்சாதி பக்கத்துல இருப்பாளே."

டாக்டர் சிரித்துவிட்டார். "யாருய்யா அந்தப் பொம்பளை?"

"பொம்பள இல்லய்யா, எம் புள்ள. ரங்கூன் போற வழியிலயே காலரா கண்டு செத்துட்டான். கடல்லயே எறக்கிட்டாங்களாம். கப்பல்ல வேலை செய்யற தோஸ்து எங்கிட்ட மட்டும் வந்து சொன்னான்."

கடித்துக்கொள்ளத் துண்டைச் சுருட்டி வாயருகே கொண்டுபோன இக்னேஷியஸ், ஒரு கணம் நிறுத்தினான்.

"அவனுக்கும் சேத்து மெழுகுத்திரி ஏத்திட்டு அவ வர்றதுக்குள்ள அறுத்துடுங்க."