சிரிக்கிற ஷாட்

பாடையிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை.

பேக்கப் சொல்லிக் கால் மணி நேரமாகிவிட்டது. ஒப்பாரி வைத்த பெண்கள் அவிழ்த்த தலையை முடிந்துகொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். நடிகர் தங்கப்பழம் மட்டும் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார்.

“சிரிக்க ஷாட்டு எடுக்கலையேம்மா?”

கேமராவைப் பிரிக்க வந்தவளுக்குப் பகீரென்றது.

பிணமாக நடித்தவர், அபசகுனம் கழிய, கடைசியாக லென்ஸைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். சினிமாக்காரர்கள் எதை மறந்தாலும் அதை மறப்பதில்லை. ஒளிப்பதிவாளர் அவள், மறந்திருந்தாள்.

வியாழக்கிழமை அவருக்கு இருதய ஆபரேஷன்.

லாங் ஷாட், கிரேனிலிருந்து டாப் ஆங்கிள், எல்லாம் ஒரே டேக். க்ளோஸப்பில்தான் கழுத்து நரம்பு துடித்துக் காட்டிக்கொடுத்தது. ‘மூச்சை இன்னும் கொஞ்சம் பிடிங்க சார்’ என்று ஐந்து முறை சொன்னாள். இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது.

பந்தலோரம் அவர் மனைவி செல்லத்தாய் ஃப்ளாஸ்க்கோடு நின்றிருந்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவரைப் பாடையில் படுக்கவே விட்டிருந்தார்.

கேமராவில் மெமரி கார்டு இல்லை. இருந்த இரண்டையும் அவளே கழற்றிச் சென்னை வண்டியில் கொடுத்தனுப்பியிருந்தாள். வண்டி இந்நேரம் டோல்கேட்டைத் தாண்டியிருக்கும்.

“செல்போன்ல எடுத்துடட்டுமாம்மா?”

“இவுக செத்ததப் பாத்த கேமராதானம்மா சிரிக்கதையும் பாக்கணும்?” என்றார் செல்லத்தாய்.

அவள் கார்டு இல்லாத கேமராவையே திரும்ப ஆன் செய்தாள்.

“என்ன ஷாட்டும்மா?” என்று கேட்டார் தங்கப்பழம்.

“க்ளோஸப் சார்.”

“அப்போ பல்லைக் குடு, செல்லத்தாயி.”

மனைவி ஈரக் கைக்குட்டையைப் பிரித்து நீட்டினார். அவர் பல்செட்டை மாட்டிக்கொண்டார். பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். மறுபடி படுத்துக் கண்ணை மூடினார்.

அவள் கேமராவை நெருக்கி வைத்தாள்.

“ரோலிங்.”

கண் திறந்தது. பார்வை முதலில் லென்ஸுக்கு மேலே போயிற்று. பதிவாகும்போது அங்கே ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

நாற்பது வருஷம் கேமராவுக்கு முன்னால் நின்றவர்.

விளக்கு எரியவில்லை.

பார்வை அங்கேயே நின்றது.

அவர் மெல்ல மனைவியைப் பார்த்தார். செல்லத்தாய் கும்பிட்டபடி நின்றிருந்தார்.

பிறகு தங்கப்பழம் லென்ஸைப் பார்த்துச் சிரித்தார். கண் சுருங்க, ஃபிரேம் கொள்ளாமல்.

“சிரிப்பு விழுந்துச்சா?” மனைவியின் குரல்.

“நல்லா விழுந்துட்டு,” என்றார் அவர், அவளை முந்திக்கொண்டு.

அவள் கட் சொல்லவில்லை.

கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.